பிக்கிள்பால் பேடில்: 14 மி.மீ. எடுப்பதா, 16 மி.மீ. எடுப்பதா?

பிக்கிள்பால் ஆடும் மட்டைக்குப் பேடில் என்று பெயர். ஒரே பேடில் 14 மி.மீ., 16 மி.மீ. என்று இரண்டு தடிமனில் வருகிறது. பெயர், முகப்பு (பந்தை அடிக்கும் பரப்பு), வடிவம், விலை எல்லாம் ஒன்றுதான். ஆறு மாதமாக இரட்டையர் ஆட்டம் ஆடும் ஒருவர் எதை எடுக்க வேண்டும், வெறும் 2 மில்லிமீட்டரில் அப்படி என்ன மாறிவிடும் என்பது கேள்வி.

16 எடுங்கள். ஆறு மாதம் ஆடியவர்களில் பெரும்பாலோர் புள்ளியை இழப்பது வேகக் குறைவால் இல்லை. மெதுவாக, தாழ்வாகப் போக வேண்டிய பந்து துள்ளி உயர்ந்துவிடுகிறது, எதிரணி அதை அடித்து முடித்துவிடுகிறது. அந்தத் தவறைத்தான் தடித்த கோர், அதாவது பேடிலின் தடித்த நடு அடுக்கு, குறைக்கும். ஆனால் இந்தப் பதில் எல்லா ஆட்டக்காரருக்கும் பொருந்தாது, எல்லா வகை பேடிலுக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பது புரிய, பந்து படும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டு 1965இல் தொடங்கியபோது மட்டை வெறும் ப்ளைவுட். 1984இல் ஆர்லன் பரன்டோ என்ற போயிங் பொறியாளர், விமானத்தின் தரைக்குப் பயன்படும் தேன்கூட்டுப் பலகையிலிருந்து முதல் கூட்டுப்பொருள் பேடிலைச் செய்தார். இன்றைய பேடிலும் அடிப்படையில் அதே அமைப்புதான். இரண்டு பக்கமும் மெல்லிய, விறைப்பான தோல். நடுவில் லேசான, தடித்த கோர். தோல் கார்பன் ஃபைபராகவோ ஃபைபர்கிளாஸாகவோ இருக்கும். கோர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் தேன்கூடு. பெட்டியில் போட்டிருக்கும் மில்லிமீட்டர் பொதுவாக இந்தக் கோரின் தடிமனைக் குறிக்கும். வெர்னியர் வைத்து முகப்பை அளந்தால் தோலும் சேர்ந்து வருவதால் கொஞ்சம் மாறும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பலரும் தடித்த கோர் மெத்தை மாதிரி அமுங்குவதால் பந்து மெதுவாகப் போகிறது என்று நினைக்கிறார்கள். முக்கியமான காரணம் அதற்கு நேர் எதிரானது. தோலை மாற்றாமல் நடுப்பகுதியை மட்டும் தடிமனாக்கினால் பலகை வளைவது குறைகிறது. வளைவை எதிர்க்கும் திறன் ஏறத்தாழ தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கணக்குப் போட்டால், 16 மி.மீ. பலகை 14ஐ விட சுமார் 1.3 மடங்கும், 13ஐ விட சுமார் 1.5 மடங்கும் விறைப்பானது. இப்போது 2 மில்லிமீட்டர் சின்ன விஷயமாகத் தெரியாது.

விறைப்பான பலகையில் பந்து ஏன் மெதுவாகத் திரும்புகிறது? மோதும் சில மில்லி விநாடிகளில் பந்தும் நசுங்குகிறது, முகப்பும் உள்வாங்குகிறது. பிளாஸ்டிக் பந்து நசுங்கும்போது அதில் போன ஆற்றலில் பெரும்பகுதி திரும்பி வராது. முகப்பு உள்வாங்கும்போது போன ஆற்றலோ டிராம்போலின் போலப் பெரும்பாலும் திரும்ப வரும். மெல்லிய பேடிலில் முகப்பு அதிகம் வளைகிறது, பந்து குறைவாக நசுங்குகிறது, அதனால் பந்து எகிறிப் போகிறது. இதைத்தான் ஆடுகிறவர்கள் ‘பாப்’ என்கிறார்கள். தடித்த பேடிலில் முகப்பு அசையாமல் நிற்க, பந்துதான் நசுங்கி வேகத்தை இழக்கிறது. கையில் மெத்தென்று உணர்வதற்குக் காரணம் அதிர்வு குறைவாக வருவதுதான். சத்தமும் அடங்கி, ‘டக்’ என்று இருக்கும்.

இதிலிருந்து ஸ்வீட் ஸ்பாட், அதாவது பந்து பட்டால் நன்றாகப் போகும் இடம், பற்றிய விஷயமும் விளங்கும். மெல்லிய பேடிலின் நடுவில் டிராம்போலின் குணம் அதிகம். ஓரத்துக்கு வர வர முகப்பு வளைய இடமில்லாததால் அது குறைந்துவிடும். அதனால் ஒரே வீச்சில் நடுவில் பட்ட பந்து நீளமாகவும், ஓரத்தில் பட்ட பந்து குட்டையாகவும் போகும். 16இல் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி சிறியது. பந்தை ஒவ்வொரு முறையும் நடுவில் பிடிக்க முடியாதவருக்கு, அதாவது கிட்டத்தட்ட நம் எல்லோருக்கும், இது தடித்த பேடிலின் மிகப் பெரிய நன்மை. ‘பவர்’, ‘கன்ட்ரோல்’ என்ற விளம்பரச் சொற்களை விட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எடை எவ்வளவு கூடும் என்பதையும் கணக்கிடலாம். முகப்பின் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். 2 மி.மீ. கூடினால் 100 கன சென்டிமீட்டர் கோர் கூடுகிறது. பாலிப்ரொப்பிலீன் தேன்கூட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோ என்று வைத்தால் அது 8 கிராம். 220, 230 கிராம் பேடிலில் 8 கிராம் சிறிதுதான், ஆனால் அது முழுக்க தலைப்பகுதியில் கூடுகிறது. அதனால் தராசில் தெரிவதை விட வீசும்போது அதிகம் தெரியும். கிச்சன் எனப்படும் வலையோரப் பகுதியின் கோட்டில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறி வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ஆடும்போது 14 கொஞ்சம் சீக்கிரம் திரும்பும். மறுபக்கம், அதே கூடுதல் எடை 16ஐக் கையில் முறுக்கிக்கொள்ளாமல் நிலையாக வைக்கிறது.

எந்தெந்த அடியில் இந்த வித்தியாசம் தெரியும் என்பதுதான் வாங்குகிறவருக்கு உண்மையில் தேவை. வீச்சு சிறியதாக இருக்கும் அடிகளில் தடிமன் மிக அதிகமாகப் பேசும். டிங்க் (வலையோரத்திலிருந்து எதிர்க் கிச்சனுக்குள் மெல்லத் தட்டுவது), பிளாக் (வேகமாக வரும் பந்தைப் பேடிலை நிறுத்தித் தடுப்பது), ரீசெட் (வேகமாக வந்த பந்தை அடக்கிக் கிச்சனுக்குள் போடுவது), சர்வும் அதன் பதிலடியும் முடிந்ததும் பின்னாலிருந்து மெல்லப் போட்டு கிச்சனுக்குள் விழ வேண்டிய மூன்றாவது அடி டிராப் எல்லாம் இந்த வகை. ரீசெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கோர்ட்டின் நடுப்பகுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், எதிராளி காலை நோக்கி வேகமாக அடிக்கிறார், நீங்கள் பேடிலை அசைக்காமல் காட்டுகிறீர்கள். பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அப்போது முகப்பின் எதிர்விசைதான் முடிவு செய்கிறது. 14இல் அந்தப் பந்து வலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் மிதந்து எதிராளியின் தோள் உயரத்துக்குப் போய்ச் சேரும். 16இல் அதே பிடியில் கிச்சனுக்குள் விழ வாய்ப்பு அதிகம். கிச்சன் 7 அடிதான். இங்கே ஒரு அடி நீளம் கூடினாலே புள்ளி போய்விடும்.

முழு வீச்சில் அடிக்கும் டிரைவ், சர்வ், ஓவர்ஹெட் ஆகியவற்றில் வித்தியாசம் குறைகிறது. அங்கே வேகம் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. பேடிலின் வீச்சு எடையும் (வீசும்போது கையில் தெரியும் எடை) பங்கு கொள்கிறது. 16 வாங்கினால் டிரைவ் செத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. 14இன் உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது: கிச்சன் கோட்டில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கி அடிக்கும் ஸ்பீடப், எதிராளி அடித்ததைத் திருப்பிக் குத்தும் கவுன்டர். பின்னால் இழுக்க நேரமே இல்லாத இடத்தில் மெல்லிய பேடில் தானாக வேகம் கொடுக்கும். சுழற்சியைப் பொறுத்தவரை தடிமன் பெரிய காரணி இல்லை, தோலின் சொரசொரப்பும் உங்கள் வீச்சின் வேகமும்தான் காரணம்.

இனி எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் ஒரே மாடலின் இரண்டு தடிமன்களை ஒப்பிடும்போது மட்டும்தான் செல்லும். ஒரு நிறுவனத்தின் 16ஐயும் இன்னொன்றின் 14ஐயும் மில்லிமீட்டரை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். சூடாக்கி அழுத்தி, கைப்பிடியோடு ஒரே உடலாகச் செய்து, ஓரத்தில் நுரை நிரப்பிய தெர்மோஃபார்ம் பேடில், 16 மி.மீ.யிலும் பழைய முறையில் வெட்டி ஒட்டிய 13 மி.மீ. பேடிலை விட வேகமாக அடிக்கலாம். தோலும் அப்படித்தான். ஃபைபர்கிளாஸ் கார்பனை விட அதிகம் வளையும் என்பதால் அதே தடிமனில் அதிக பாப் தரும். 16 மி.மீ. ஃபைபர்கிளாஸ் வாங்கிவிட்டு ‘கன்ட்ரோல் பேடில் என்றார்களே, பந்து பறக்கிறதே’ என்று குழம்புகிறவர்கள் நிறைய.

தேன்கூட்டைக் கைவிட்டு முழுக்க நுரையால் செய்த கோர் இப்போது பரவலாக வருகிறது. நுரையின் அடர்த்தியும், சுற்றிலும் விடப்படும் இடைவெளியும் குணத்தைத் தீர்மானிப்பதால், அங்கே தடிமனை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நுரை கோர் பேடில் என்றால் கையில் எடுத்து ஆடிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வடிவமும் இதில் கலக்கிறது. விதிப்படி நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, நீளம் மட்டும் 17ஐத் தாண்டக்கூடாது. தடிமனுக்கு வரம்பில்லை. அதனால் 16 × 8 அகல வடிவம், 16.5 × 7.5 நீள வடிவம் என்று இரண்டு வழக்கமாகிவிட்டன. நீள வடிவத்தில் ஸ்வீட் ஸ்பாட் ஏற்கெனவே ஒடுங்கியது. அதோடு 13 அல்லது 14 மி.மீ. சேர்ந்தால் ஓரத்தில் பட்ட பந்தெல்லாம் கையில் பேடிலைத் திருப்பிவிடும். புதியவருக்கு இதுதான் மிகக் கடினமான சேர்க்கை. 14தான் வேண்டும் என்றால் அகல வடிவத்தில் எடுங்கள். நீள வடிவம்தான் வேண்டும் என்றால் 16இல் எடுங்கள். விவரக்குறிப்பில் ட்விஸ்ட் வெயிட் (ஓரத்தில் பந்து பட்டால் பேடில் கையில் திரும்புவதை எதிர்க்கும் அளவு) கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள்: 6க்குக் கீழே என்றால் திரும்பும், 7ஐ நெருங்கினால் நிலையாக நிற்கும்.

16 யாருக்குப் பொருந்தாது? டேபிள் டென்னிஸிலிருந்து வருகிறவர்கள் பலருக்கு 14 கைக்கு உடனே பழகும். அவர்களுடைய வீச்சு குட்டையானது, மணிக்கட்டு வேகமானது, பந்தின் உயரத்தை அடக்கும் நுணுக்கம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. டென்னிஸிலிருந்து வருகிறவர்கள் நேர் எதிர். வேகம் அவர்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கும், பந்தைக் கொல்லும் மென்மைதான் குறை. 14இன் வேகம் பிடித்துப்போய் அவர்கள் அதை வாங்குவதை அடிக்கடி பார்க்கலாம். டிங்க் கற்றுக்கொள்வது அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஒற்றையர் ஆட்டம் அதிகம் ஆடுகிறவர்களும் 14ஐப் பார்க்கலாம், அங்கே ரீசெட்டை விட டிரைவும் பாசிங் ஷாட்டும்தான் (எதிராளியைத் தாண்டிப் போகும் அடி) அதிகம் வரும். தோள் வலிமை குறைந்தவர், வயதானவர், பந்தை அடிக்கோட்டிலிருந்து அடிக்கோட்டுக்கு ஆழமாக அனுப்ப முடியாதவர் ஆகியோருக்கும் மெல்லிய பேடிலின் இலவச வேகம் உதவும். ஆனால் முழங்கையில் வலி இருந்தால் அதிர்வு குறைந்த 16 பக்கம் போங்கள், கைப்பிடியின் சுற்றளவு சரியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில மாடல்களில் கோர் மெலிந்தால் கைப்பிடியும் மெலியும். 14ஐப் பிடித்ததும் சின்னதாகத் தெரிந்தால் அதற்காக அதை ஒதுக்க வேண்டாம். ஓர் ஓவர்கிரிப் (கைப்பிடியின் மேல் சுற்றும் பட்டை) சுற்றினால் சுற்றளவு சுமார் 1/16 அங்குலம் கூடிவிடும்.

10, 11 மி.மீ. பேடில்களும் இருக்கின்றன. மிக வேகமானவை, மன்னிப்பே இல்லாதவை. முதல் பேடிலாகவோ இரண்டாவது பேடிலாகவோ அவற்றை யாருக்கும் சொல்ல மாட்டேன். 19, 20 மி.மீ. பேடில்கள் பந்தை நன்றாக அடக்கும், ஆனால் முடித்து அடிக்க வேண்டிய பந்தும் அடங்கிவிடும்.

ஆடிப் பார்த்து வாங்க வாய்ப்புக் கிடைத்தால் அதை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். கையில் பேடிலைப் பிடித்துப் பந்தைத் தட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஒரே மாடலின் இரண்டு தடிமன், ஒரே பந்து, ஒரே எதிராளி, ஒரே நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கை பழக வேண்டும். பிறகு 20 குறுக்கு டிங்க், அடிக்கோட்டிலிருந்து 20 டிராப், கோர்ட்டின் நடுவிலிருந்து 20 ரீசெட். ஒவ்வொன்றிலும் வலைக்கு மேலே ஓர் அடிக்குள் போய் கிச்சனில் விழுந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். அதன்பின் 20 ஸ்பீடப் அடித்து, எதிராளி சுலபமாகத் திருப்பியவை எத்தனை என்று அவரையே கேளுங்கள். முடிந்ததும் முதல் பேடிலுக்குத் திரும்பி டிங்கையும் ரீசெட்டையும் இன்னொரு முறை ஆடுங்கள். இந்தத் திரும்பல் அவசியம். இல்லாவிட்டால் இரண்டாவது பேடில் எப்போதும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதற்குள் உடல் சூடாகிவிட்டது. ரீசெட் எண்ணிக்கை 16இல் தெளிவாகக் கூடினால் கேள்வி முடிந்தது. இரண்டிலும் ஒரே அளவு வந்து, ஸ்பீடப் மட்டும் 14இல் மேலாக இருந்தால் 14 உங்களுடையது.

ஏற்கெனவே 14 வாங்கிவிட்டு பந்து பறக்கிறது என்று தவிக்கிறவர்கள் உடனே இன்னொன்று வாங்க ஓட வேண்டாம். கால் அங்குல அகல ஈய டேப் அங்குலத்துக்குச் சுமார் அரை கிராம். முகப்பின் இரு பக்க ஓரங்களிலும், கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில், பக்கத்துக்கு 4 அங்குலம் ஒட்டுங்கள். மொத்தம் 4 கிராம். பேடில் திரும்புவது உடனே குறையும், ஓரத்தில் பட்ட பந்தும் நேராகப் போகும். போதாவிட்டால் அதே இடத்தில் இன்னொரு அடுக்கு ஒட்டலாம். உச்சியில், 12 மணி இடத்தில் ஒட்டாதீர்கள். அது வீச்சு எடையைக் கூட்டி வேகத்தைத்தான் அதிகமாக்கும். டேப் ஒட்டினால் முகப்பின் டிராம்போலின் குணம் மாறாது. அதைச் சமாளிக்கப் பிடியைத் தளர்த்த வேண்டும். பத்தில் நான்கு பங்கு இறுக்கத்தில் பிடித்து ரீசெட் ஆடிப் பாருங்கள்; பந்து பறப்பதில் பாதி அங்கேயே அடங்கும். ஈயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள். டங்ஸ்டன் டேப் கிடைத்தால் அது பாதுகாப்பானது.

போட்டிகளில் ஆடுவதாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பேடில் பட்டியலில் மாடலின் பெயரோடு தடிமனும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒன்று பட்டியலில் இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கியபோது 16 அடக்கமாக இருந்தது, நாலைந்து மாதத்தில் திடீரென்று பந்து பறக்க ஆரம்பித்துவிட்டது என்றால் உங்கள் கை திடீரென்று பலமாகிவிடவில்லை. உள்ளே கோர் நொறுங்கியிருக்கும், அல்லது தோல் கோரிலிருந்து பிரிந்திருக்கும். தெர்மோஃபார்ம் தேன்கூட்டு பேடில்களில் இது தெரிந்த கோளாறு. முகப்பு கோரின் பிடியிலிருந்து விடுபட்டதும் டிராம்போலின் குணம் எகிறிவிடுகிறது, 16 மி.மீ. பேடில் 11 மி.மீ. போல நடந்துகொள்கிறது. விரல் முட்டியால் முகப்பு முழுவதும் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி பொத்தென்று கேட்டாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது முகப்பு உள்ளே போய் வந்தாலோ, உள்ளே ஏதோ கலகலவென்று ஆடினாலோ அது போய்விட்டது. அதைக் கொண்டு போட்டியில் ஆடக்கூடாது, எதிராளிக்கும் ஆபத்து. உத்தரவாதக் காலம் இருந்தால் சத்தம் கேட்கும்படி காணொளி எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பேடிலை விட்டுவைப்பது இந்தக் கோளாறை விரைவுபடுத்தும். சூடேறினால் பிசின் இளகும். ஆடி முடித்ததும் பையோடு வீட்டுக்குள் எடுத்துப்போங்கள்.